எபிரேய நூல்களுக்குப் பொருள்தலைப்பும் அழைப்பெண்ணும்: ஒரு பட்டியலாக்கச் சேவை பற்றிய மதிப்பீடு

எபிரேய நூல்களுக்கு, நூல் எதைப் பற்றியது என்று சொல்லும் பொருள்தலைப்பைத் தேர்ந்து, அடுக்கில் அதன் இடத்தைக் காட்டும் அழைப்பெண்ணை அமைத்து, கணினி படிக்கும் மார்க் (MARC) பதிவாகவே அனுப்பிவைக்கும் பட்டியலாக்கச் சேவை ஒன்றை எங்கள் நூலகம் இரண்டு ஆண்டுகளாகக் கட்டணம் செலுத்திப் பயன்படுத்தி வருகிறது. அதன் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. அதன் குறைகளில் பல, வேறு இடங்களிலிருந்து நாங்கள் இறக்கிக்கொண்ட பதிவுகளிலும் இருந்தவைதாம். ஆகவே, இத்தகைய சேவை ஒன்றை அமர்த்தும் எண்ணமுள்ள நூலகர்களுக்கு, எந்த வகை நூலை நம்பிக் கொடுக்கலாம், எதைக் கையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்வதே இந்த மதிப்பீட்டின் நோக்கம். சுருக்கமாகச் சொன்னால், தற்கால இலக்கியத்திலும் வரலாற்றிலும் இவர்கள் வேலை நன்று. யூத சமய அறிஞர்களான ரபிகள் எழுதிய சமயச் சட்ட நூல்களில் அதை நம்பி அடுக்கில் வைக்க முடியாது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் காங்கிரஸ் நூலகம் வகுத்த பகுப்புமுறையில் எபிரேய இலக்கியத்தின் இடம் பி.ஜே. பிரிவு. அங்கே தனி ஆசிரியர்கள் காலவாரியாகப் பிரிக்கப்பட்டு, முந்தைய தலைமுறையினர் 5053-லும், இஸ்ரேல் உருவான காலத்தை ஒட்டி எழுத வந்தவர்கள் 5054-லும், இந்த நூற்றாண்டில் எழுதத் தொடங்கியவர்கள் 5055-லும் அமர்கிறார்கள். 1966-இல் நோபல் பரிசு பெற்ற அக்னோன் 5053-இல் ஏ4 என்ற கட்டர் எண்ணோடும் (பெயரின் முதலெழுத்தோடு இலக்கம் சேர்த்து அகரவரிசையில் இடம் காட்டும் குறி), ஆமோஸ் ஓஸ் 5054-இல் ஓ9 என்ற எண்ணோடும் உலகெங்கும் பல நூலகங்களில் இருக்கிறார்கள். இச்சேவையினர் வேலையைத் தொடங்குமுன் எங்கள் அடுக்குப் பட்டியலைக் கேட்டு வாங்கி, ஏற்கெனவே எங்களிடம் உள்ள ஆசிரியருக்கு நாங்கள் கொடுத்திருக்கும் எண்ணையே தொடர்ந்தார்கள். சிறிய செயல்தான், ஆனால் இதைச் செய்யாத சேவையை ஒருபோதும் அமர்த்தக்கூடாது. ஒரே நாவலாசிரியரின் ஐந்தாவது நூல் மற்ற நான்கை விட்டு மூன்று அடுக்கு தள்ளி நின்றால், அது வாசகரைப் பொறுத்தவரை தொலைந்த நூல்தான்.

இலக்கியத்தில் ஒரே ஒரு குறை. ஒவ்வொரு நாவலுக்கும் 'எபிரேயப் புனைகதை' என்பதைப் பொருள்தலைப்பாகப் போட்டுக்கொண்டே போனார்கள். பொருள்தலைப்பு என்பது நூல் எதைப் பற்றியது என்று சொல்வது. நூல் எந்த வகையைச் சேர்ந்தது என்று சொல்வதற்கு வகைச்சொல் தனியாக இருக்கிறது. நாவல் எபிரேயப் புனைகதையாக இருக்கிறது, ஆனால் அது எபிரேயப் புனைகதையைப் பற்றியது அன்று. இந்த வேறுபாட்டை விட்டுவிட்டதால், எபிரேய நாவலின் வளர்ச்சியைப் பற்றிய ஆய்வு நூல்களைத் தேடிய மாணவருக்கு நூற்றுக்கணக்கான நாவல்கள் வந்து விழுந்து, அவற்றுக்கு நடுவே அவர் தேடிய நான்கு ஆய்வு நூல்கள் மறைந்துபோயின. எழுதிக் கேட்டோம், பெருமளவு திருத்திக் கொடுத்தார்கள்.

அடுத்தது எழுத்துப்பெயர்ப்பு. அழைப்பெண்ணில் வரும் கட்டர் எண், ஆசிரியரின் அல்லது தலைப்பின் ரோமன் எழுத்து வடிவத்திலிருந்து பிறப்பதால், தலைப்பைத் தப்பாகப் படித்தால் நூலின் இடமும் தப்பாகிவிடும். எபிரேயம் பெரும்பாலும் உயிரொலிக் குறிகள் இல்லாமல் அச்சிடப்படும் மொழி. சாமேக், பே, ரேஷ் என்ற மூன்று எழுத்துகளைச் சேர்த்துப் போட்டால் அது புத்தகம் என்னும் 'சேஃபெர்' ஆகலாம், முடிதிருத்துபவர் என்னும் 'சப்பார்' ஆகலாம், எல்லைப்புறம் என்னும் 'ஸ்ஃபார்' ஆகலாம், எண்ணினான் என்னும் 'சாஃபர்' ஆகலாம். புள்ளியிடாத ஓலைச்சுவடியைப் படித்தவர்களுக்கு இந்தச் சிக்கல் புதிதன்று; அங்கும் மெய்யா உயிர்மெய்யா, குறிலா நெடிலா என்பதைச் சொல் சொல்லாது, இடம்தான் சொல்லும். ஐயம் வந்தால் எவன்-ஷோஷான் அகராதியைப் பார்த்து உயிரொலியை முடிவு செய்வது எபிரேயப் பட்டியலாளர்களின் நெடுநாள் வழக்கம். இச்சேவையினரும் பெரும்பாலும் அப்படியே செய்திருந்தார்கள். 'டெட்' எழுத்துக்கும் 'தாவ்' எழுத்துக்கும், 'காஃப்' எழுத்துக்கும் 'கோஃப்' எழுத்துக்கும் வேறுபாடு காட்டும் கீழ்ப்புள்ளிகள் விடுபடாமல் இருந்தது கண்டு மகிழ்ந்தேன்.

தடுக்கியது 'ஹே' என்னும் ஒற்றை எழுத்தில். எபிரேயத்தில் 'அந்த' என்று சுட்டும் 'ஹ' தனிச்சொல்லாக நிற்பதில்லை. அடுத்த சொல்லோடு ஒட்டியே எழுதப்படும். பட்டியலை அகரவரிசைப்படுத்தும்போது அந்த முன்னொட்டைக் கணக்கில் எடுப்பதில்லை என்பதால், ரோமன் வடிவத்தில் முதல் மூன்று இடங்களையும் எபிரேய எழுத்து வடிவத்தில் முதல் ஓரிடத்தையும் தாண்டிச் செல்லும்படி, மார்க் பதிவில் தலைப்புக்குரிய 245ஆம் புலத்தில் குறிப்பெண் கொடுக்க வேண்டும். ஆனால் ஹே எழுத்தில் தொடங்கும் சொல்லெல்லாம் அந்த முன்னொட்டைக் கொண்டதன்று. ஓய்வுநாளின் சட்டங்களைக் கூறும் 'ஹில்கோத் ஷபாத்' என்ற நூலில் ஹே சொல்லின் உறுப்பு. அதையும் தாண்டிப் போகும்படி குறிப்பெண் இட்டுவிட்டதால், எபிரேய எழுத்தில் வரிசைப்படுத்திய பட்டியலில் அந்த நூல் லாமெத் (ல) எழுத்தின் கீழ் போய் உட்கார்ந்தது. மொழி அறிந்தவர் ஒருவர் ஒரு நொடி பார்த்திருந்தால் நேர்ந்திருக்காத பிழை இது. எபிரேய வடிவத்துக்கான குறிப்பெண்களை மட்டும் ஒரு கணினி நிரல் தானாகவே போடுகிறது என்று அப்போதுதான் ஊகித்தேன்.

எழுத்து ஒன்று என்பதால் மொழியும் ஒன்று என்று எண்ணிவிடுவதும் அவ்வப்போது நேர்ந்தது. கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் இத்திஷ் மொழி எபிரேய எழுத்தில்தான் அச்சாகிறது. ஆனால் அதில் அயின் உயிரெழுத்தாக அடிக்கடி வரும், வாவும் யோதும் இரட்டை இரட்டையாக நிற்கும். பக்கத்தைத் திறந்த மாத்திரத்தில் கண்ணில் படும் வேறுபாடு இது. இத்திஷுக்கு பி.ஜே. பிரிவிலேயே 5111 முதல் தனி இடம் உண்டு. எபிரேய எழுத்தில் அச்சான லதீனோவோ ஸ்பானியத்தின் உறவுமொழி என்பதால் பி.சி. பிரிவுக்குப் போக வேண்டியது. இந்த வகையில் மூன்று நூல்கள் மட்டுமே இடம் மாறியிருந்தன என்பதால் இதைப் பெரிதுபடுத்தவில்லை.

இனி ரபிகளின் நூல்கள். எங்கள் மனக்குறையில் முக்கால் பங்கு இங்கேதான்.

முதல் ஆண்டில் நாங்கள் அனுப்பிய கடைசிப் பெட்டியில் 'பெரி மெகதீம்' என்ற நூலின் மறுபதிப்பும் 'பர்தேஸ் ரிமோனீம்' என்ற நூலும் இருந்தன. முன்னதற்கு 'இன்கனிகள்' என்றும் பின்னதற்கு 'மாதுளைத் தோட்டம்' என்றும் பொருள். இரண்டுமே எபிரேய வேதத்தில் உள்ள உன்னதப்பாட்டின் நான்காம் அதிகாரத்தில், அதுவும் ஒரே வசனத்தில் வரும் சொற்கள். திரும்பி வந்த பதிவுகளில் இரண்டு நூல்களுக்கும் 'பழங்கள்' என்று பொருள்தலைப்பு இருந்தது. பழ வளர்ப்புக்கு உரிய எஸ்.பி. பிரிவில் எண்ணும் கொடுத்து முதுகுச் சீட்டையும் அச்சிட்டு அனுப்பியிருந்தார்கள். உண்மையில் பெரி மெகதீம், ரபி யோசெப் தெயோமீம் (1727–1792) 'ஷுல்ஹான் ஆரூக்' என்னும் சட்டத்தொகுப்பின் உரைகளுக்கு எழுதிய உரை. பர்தேஸ் ரிமோனீம், மோசே கொர்தோவேரோ (1522–1570) எழுதிய கபாலா மறைஞான நூல். முன்னது சட்டத்திலும் பின்னது யூத சமயத்துக்குரிய பி.எம். பிரிவில் 525-இலும் இருக்க வேண்டியவை. திரிகடுகத்தையும் சிறுபஞ்சமூலத்தையும் சித்த மருத்துவ அடுக்கில் வைத்தால் எப்படி இருக்குமோ அப்படி.

சிரித்துவிட்டு விட்டுவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் பிழை எப்படி நேர்ந்தது என்று பார்த்தபோது, இது தற்செயலன்று, வேலை செய்யும் முறையிலேயே உள்ள குறை என்று தெரிந்தது. ரபிகளின் நூல்களில் தலைப்பு பொருளைச் சொல்வதில்லை. வேதவசனத்தின் ஒரு துண்டாகவோ, ஆசிரியரின் பெயரை உள்ளே ஒளித்துவைத்த சொல்லாகவோ அது இருக்கும். ஷுல்ஹான் ஆரூக் என்றால் 'விரித்து வைத்த பந்தி' என்று பொருள். யோசெப் காரோ (1488–1575) இயற்றி 1565-இல் வெனிஸில் முதன்முதலாக அச்சேறிய சட்டத்தொகுப்பு அது. அதன் நான்கு பகுதிகளில் திருமணச் சட்டத்தைச் சொல்லும் பகுதிக்கு 'எவன் ஹாஎசெர்', அதாவது உதவியின் கல், என்று பெயர். எபெனேசர் என்று நம்மவர்களும் பிள்ளைகளுக்கு வைக்கும் அதே பெயர்தான். சிவில் சட்டத்தைச் சொல்லும் பகுதி 'ஹோஷென் மிஷ்பாத்', தலைமைக் குருவின் மார்ப்பதக்கம்.

அப்படியானால் பொருளை எங்கே தேடுவது? தலைப்புப் பக்கத்தின் நடுவில் பெரிய சதுர எழுத்தில் நிற்கும் தலைப்புக்குக் கீழே, பல நேரங்களில் ராஷி எழுத்து எனப்படும் வளைந்த சிற்றெழுத்தில், நான்கைந்து வரிகள் இருக்கும். 'இன்ன நூலின் இன்ன பகுதிக்கு உரையும் விளக்கமும், இன்ன ஊரின் சமய நீதிமன்றத் தலைவர் செய்தது' என்று அந்த வரிகள் சொல்லிவிடும். அடுத்த பக்கங்களில் 'ஹஸ்காமா' எனப்படும் ஒப்புதல் கடிதங்களில் பிற ரபிகள் நூலின் உள்ளடக்கத்தைத் தங்கள் சொற்களில் கூறியிருப்பார்கள். நம் பழைய பதிப்புகளின் சாற்றுகவியைப் போன்றவை இவை, ஆனால் அவற்றைவிடப் பட்டியலாளருக்கு அதிகம் பயன்படுபவை. பெரிய எழுத்தை மட்டும் பார்ப்பவர் பழத்தோட்டத்துக்குப் போவார். சிற்றெழுத்தைப் படிப்பவர் சட்டத்துக்குப் போவார். இச்சேவையின் கீழ்மட்டப் பணியாளர்கள், அல்லது நிரல், பெரிய எழுத்தோடு நின்றுவிடுகிறார்கள்.

உரைநூல்களுக்கு அவர்கள் கொடுத்த பொருள்தலைப்பிலும் இதே மேலோட்டம்தான். எதற்கும் 'யூதச் சட்டம்' என்று எழுதிவிட்டால் தவறாகாது, ஆனால் பயனும் இராது. ஷுல்ஹான் ஆரூக்குக்கு எழுதப்பட்ட உரைக்குக் காரோவின் பெயரையும் நூற்பெயரையும் சேர்த்துப் பொருள்தலைப்பாக்கி, 'உரைகள்' என்ற உட்பிரிவையும் கொடுக்க வேண்டும். அப்போதுதான் மூலத்தைத் தேடுபவர் உரைகளையும் ஒரே இடத்தில் காண்பார். ரபிகளிடம் கேட்ட கேள்விகளுக்கு அவர்கள் எழுதிய விடைகளின் தொகுப்புகளுக்கு பி.எம். 522 என்ற எண்ணும், காலவாரியாகப் பிரித்த தனிப் பொருள்தலைப்பும் உண்டு. 18ஆம் நூற்றாண்டின் எசேக்கியேல் லாந்தாவுடைய 'நோதா பிஹூதா' அப்படிப்பட்ட தொகுப்பு. அதற்கு இவர்கள் சரியான தலைப்பைக் கொடுத்திருந்தார்கள். அதே அலமாரியில் இருந்த, அவ்வளவு புகழ் பெறாத தொகுப்புக்கு 'யூதச் சட்டம்' என்று மட்டும் எழுதியிருந்தார்கள். புகழ்பெற்ற நூலுக்கு வேறு நூலகங்களின் பதிவு கிடைத்துவிடுகிறது. கிடைக்காத நூலுக்குத்தான் நாம் கட்டணம் கொடுக்கிறோம் என்பதை அவர்களிடம் எழுத்திலேயே சொன்னேன்.

இங்கே ஒரு சிக்கல் சேவையினரால் வந்ததன்று. நெடுங்காலமாக பி.எம். பிரிவில் இருந்துவந்த யூதச் சட்டத்துக்குக் காங்கிரஸ் நூலகம் பிற்பாடு கே.பி.எம். என்ற தனிப்பிரிவை வகுத்தது. பழைய நூல்கள் பி.எம்.-இல், புதியவை கே.பி.எம்.-இல் என்று ஆகிவிட்ட நூலகங்கள் பல. எந்தப் பக்கம் போவது என்பது ஒவ்வொரு நூலகமும் ஒருமுறை முடிவெடுத்து எழுதிவைத்துக்கொள்ள வேண்டிய செய்தி. நாங்கள் பி.எம்.-இலேயே தொடர்வது என்று முடிவெடுத்து, அதை ஒப்பந்தத்தின் இணைப்பிலும் எழுதியிருந்தோம். அப்படியிருந்தும், பல தொகுதிகளாக வரும் ஒரு நூலின் முதல் தொகுதி பி.எம்.-இலும் அடுத்த பெட்டியில் வந்த இரண்டாம் தொகுதி கே.பி.எம்.-இலும் எண் பெற்றன. இதற்கு அவர்கள் சொன்ன விளக்கம் எனக்குத் திருப்தி தரவில்லை.

ஆசிரியர் பெயரிலும் கவனம் தேவை. ரபிகள் பலர் தம் நூலின் பெயராலேயே அறியப்படுகிறார்கள். 1873-இல் வெளிவந்த 'ஹஃபேத்ஸ் ஹய்யீம்' என்ற நூலின் பெயரால் ஊரெல்லாம் அழைத்தவரைக் காங்கிரஸ் நூலகப் பட்டியல் 'இஸ்ரேல் மெயிர், ஹ-கோஹென், 1838–1933' என்று அறிகிறது. தலைப்புப் பக்கத்தில் எந்த வடிவம் இருந்தாலும் அந்த ஒரே வடிவத்தில்தான் பதிய வேண்டும். இடைக்கால உரையாசிரியர் ராஷி, ரம்பம் எனப்படும் மைமோனிடீஸ் போன்ற பெரும்பெயர்களில் இவர்கள் தவறவில்லை. அடுத்த தட்டில் உள்ளவர்களுக்குச் சில வேளைகளில் புதுப் பெயரே உண்டாக்கிவிட்டார்கள். கட்டர் எண் அதனால் மாற, ஒரே ரபி இரண்டு இடங்களில் நின்றார்.

ஆண்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எபிரேய நூல்களில் ஆண்டு எழுத்துகளால் எழுதப்படுகிறது. தாவ் 400, ஷின் 300, பே 80, தாலெத் 4, ஆக 784. ஐயாயிரத்தைச் சொல்லாமலே விட்டுவிடுவது வழக்கம் என்பதால் அது 5784. எபிரேய ஆண்டு செப்டம்பர் அல்லது அக்டோபரில் பிறப்பதால் அது 2023ஆகவோ 2024ஆகவோ இருக்கலாம். அழைப்பெண்ணின் இறுதியில் முதல் ஆண்டையே இடுகிறோம். பழைய பதிப்புகளில் இதுவும் நேராக இராது: ஒரு வேதவசனத்தை அச்சிட்டு, அதில் சில எழுத்துகளை மட்டும் பெரிதாக்கியோ மேலே குறியிட்டோ காட்டியிருப்பார்கள், அவற்றை மட்டும் கூட்டினால் ஆண்டு வரும். சேவையினர் இந்தக் கூட்டலில் ஒருமுறைகூடத் தவறவில்லை, பாராட்டுகிறேன். தவறியது வேறிடத்தில்: பழைய பதிப்பின் தலைப்புப் பக்கத்தையே படமெடுத்து அச்சிட்ட மறுபதிப்புகளில், மறுபதிப்பின் ஆண்டு பின்பக்கத்தின் அடியில் சிறிதாக இருக்கும். அந்தப் பக்கத்தைத் திருப்பாததால், சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியில் அச்சான நூல்கள் சில எங்கள் பட்டியலில் பத்தொன்பதாம் நூற்றாண்டு நூல்களாகி, அரிய நூல்கள் அறைக்குப் போகவிருந்தன.

வரலாற்று நூல்களில் ஊர் நினைவு நூல்களை மட்டும் தனியாகச் சொல்கிறேன். நாஜிகள் நிகழ்த்திய யூதப் பேரழிவில் அழிந்த ஊர்களைப் பற்றி, அங்கிருந்து தப்பியவர்கள் சேர்ந்து எழுதி வெளியிட்டவை இவை. எல்லாவற்றையும் பேரழிவுக்குரிய டி 804.3-இல் வைத்துவிடுவது எளிது. ஆனால் அந்த நூல்களின் பெரும்பகுதி அழிவுக்கு முந்தைய ஊரின் வாழ்வைச் சொல்வது. ஆகவே நாடு, ஊர் என்ற வரிசையில், யூதர் வரலாற்றுக்கு இடமுள்ள டி.எஸ். பிரிவில் வைத்து, பேரழிவைப் பொருள்தலைப்பில் காட்டுவதே நல்லது என்பது என் கருத்து. இதற்கு ஊரை அடையாளம் காண வேண்டும். நூலின் அட்டையில் 'த்சான்ஸ்' என்றிருக்கும், நிலப்படத்தில் அது போலந்தின் நோவி சோஞ்ச். 'கெர்' என்றால் குரா கல்வாரியா. 'பிரிஸ்க்' என்றால் இன்று பெலாருஸில் உள்ள பிரெஸ்ட். 'வில்னா' லித்துவேனியாவின் தலைநகர். இச்சேவை இந்தப் பெயர்களை ஏறத்தாழப் பிழையின்றி இனங்கண்டு, இன்றைய நாட்டின் கீழ் ஒழுங்காக எண் கொடுத்தது. வரலாறு அறிந்த ஒருவர் அங்கே இருக்கிறார் என்பது இந்தப் பதிவுகளைப் பார்த்தால் தெரிகிறது. அவரை ரபிகளின் பக்கமும் கொஞ்சம் அனுப்பலாம்.

கருவிகளின் குறையைச் சேவையின் தலையில் ஏற்றுவது நியாயமன்று என்பதால் அதையும் சொல்லிவிட வேண்டும். யூதர்கள் தங்களுக்காக அச்சிட்ட எபிரேய வேதத்தைக்கூட 'விவிலியம், பழைய ஏற்பாடு' என்ற தலைப்பில் பதியச் சொல்வது காங்கிரஸ் நூலகத்தின் சொல்வழக்கு. புதிய ஏற்பாட்டை ஏற்காதவர்களுக்குப் பழைய ஏற்பாடு எது? நூலகங்களில் வழங்கும் மற்றொரு முறையான டூயி தசமப் பகுப்பில் 200-ஆம் எண்களின் பெரும்பகுதியைக் கிறித்தவம் எடுத்துக்கொள்ள, யூத சமயம் முழுவதும் 296-இல் ஒடுங்குகிறது. இந்த இடநெருக்கடியால்தான் எருசலேமில் தேசிய நூலகத்துக்காக கபாலா ஆய்வறிஞர் கெர்ஷோம் ஷோலெம் டூயியை விரித்துத் தம் பகுப்பை 1927-இல் வெளியிட்டார். டேவிட் எலாசாரும் டேனியல் எலாசாரும் 1968-இல் வெளியிட்ட பகுப்பு இன்னும் துணிச்சலானது: ஆயிரம் எண்களையும் யூத நூல்களுக்கே கொடுத்து, முதல் நூறை வேதத்துக்கும், அடுத்த நூறைச் சட்டத்துக்கும் மித்ராஷ் என்னும் வேத விளக்கங்களுக்கும், 800-ஐ இஸ்ரேலுக்கும் யூதத் தாயக இயக்கமான சீயோனியத்துக்கும் ஒதுக்கியது. யூத நூல்களை மட்டுமே வைத்திருக்கும் சிறு நூலகம் என்னைக் கேட்டால் எலாசாரையே எடுத்துக்கொள்ளச் சொல்வேன். பிற மொழி நூல்களோடு கலந்து அடுக்கும், பதிவுகளைப் பிற நூலகங்களோடு பகிர்ந்துகொள்ளும் எங்களைப் போன்ற இடத்துக்குக் காங்கிரஸ் நூலகப் பகுப்பைத் தவிர வேறு வழியில்லை.

இந்தச் சேவையின் எண்களைச் சரிபார்க்க காங்கிரஸ் நூலகத்தின் கிளாசிபிகேஷன் வெப் தளத்தைப் பயன்படுத்துகிறேன். எந்தப் பொருள்தலைப்போடு எந்த எண் எத்தனை பதிவுகளில் சேர்ந்து வந்திருக்கிறது என்று அது காட்டும். பயனுள்ள வசதி, ஆனால் பெரும்பான்மையைக் காட்டுவதால் பெரும்பான்மையின் பிழையையும் சேர்த்தே காட்டும். எருசலேம் தேசிய நூலகத்தின் இணையப் பட்டியலையும் கூடவே பார்ப்பது நல்லது.

சேவையினரின் நடத்தையைப் பற்றிக் குறை சொல்ல இல்லை. கடிதத்துக்கு இரண்டு மூன்று நாளில் விடை வரும், திருத்தத்துக்குத் தனிக் கட்டணம் கேட்டதில்லை. இவ்வாண்டு ஒப்பந்தத்தைப் புதுப்பித்தபோது இலக்கியம், வரலாறு, மொழியியல் ஆகியவற்றை மட்டும் அவர்களிடம் விட்டுவிட்டு, பி.எம். பிரிவை நாங்களே எடுத்துக்கொண்டோம். எடுத்துக்கொள்ள ஆளில்லாத நூலகங்கள், நூலோடு தலைப்புப் பக்கம், அதன் பின்பக்கம், முதல் ஒப்புதல் கடிதம் ஆகிய மூன்றின் நகலையும் தனியே எடுத்து அனுப்பி, அவற்றைப் படித்ததற்கு அடையாளமாகச் சிற்றெழுத்து வரிகளைக் குறிப்புப் புலத்தில் அப்படியே எழுதித் தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் சேர்த்துக்கொள்ளலாம். நாங்கள் கடைசி இரண்டு பெட்டிகளை அப்படித்தான் அனுப்பினோம். அவற்றில் ஒரு நூலும் பழத்தோட்டத்துக்குப் போகவில்லை.